சுவரும் திரையும்: சாந்திநிகேதனப் பயணம்

ஹௌராவிலிருந்து போல்பூர்

ஹௌராவைத் தாண்டி ஹூக்ளி மாவட்டத்தின் குளங்களும் வாழைத் தோப்புகளும் வரத் தொடங்கியதும் பெட்டிக்குள் வியாபாரம் களைகட்டியது. முதலில் மண்குவளையில் எலுமிச்சைத் தேநீர் வந்தது. அடுத்து ஜால்முரிக்காரர் வந்தார். கழுத்தில் தொங்கும் தகரப் பெட்டியின் அறைகளிலிருந்து பொரி, வேர்க்கடலை, பச்சை மிளகாய், தேங்காய்க் கீற்று என்று எடுத்துப் போட்டு, கடுகெண்ணெயைச் சொட்டவிட்டு, டப்பாவைக் குலுக்கி, காகிதப் பொட்டலத்தில் கொட்டிக் கொடுத்தார். கடுகெண்ணெய் மூக்கில் ஏறியது. நம்மூர்ப் பொரியில் இந்தக் காரம் கிடையாது.

எதிரே இருந்த அம்மாள் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த ஊர் என்று கேட்டார். தமிழ்நாடு என்றதும், "வேலூர் பக்கமா?" என்றார். வங்காளத்தில் யாரிடம் பேசினாலும் வேலூர் வந்துவிடுகிறது. ஒவ்வொரு குடும்பத்திலும் யாராவது ஒருவர் வைத்தியத்துக்காக வேலூரில் தங்கியிருக்கிறார். இவருடைய கணவரும் தங்கியிருக்கிறார். இட்லியைப் பற்றியும் வெயிலைப் பற்றியும் பேசிவிட்டு, சாந்திநிகேதனில் என்ன வேலை என்று கேட்டார். அங்குள்ள கலைப் பள்ளியான கலாபவனத்தின் நந்தன் கலைக்கூடத்தில் படம் போடுகிறார்கள், ஓவியர்கள் பேசுகிறார்கள், அதைப் பார்க்கப் போகிறேன் என்றேன். "பினோத்தா பற்றிய படமா?" என்று உடனே கேட்டார். பினோத் பிகாரி முகர்ஜி என்ற ஓவியரைத்தான் 'பினோத் அண்ணா' என்று வீட்டு மனிதரைப்போல அழைத்தார். அந்த ஓவியர் 1980இல் இறந்துவிட்டார். அவரை இந்த அம்மாள் நேரில் பார்த்ததும் இல்லை.

சக்திகர், பர்தமான் எல்லாம் கடந்து, அஜய் ஆற்றுப் பாலத்தின்மேல் வண்டி தடதடத்தபோது இரண்டு கரையும் வெண்மணலாகக் கிடந்தன. ஜனவரி ஆகையால் ஆற்றில் தண்ணீர் ஓர் ஓரமாக ஒதுங்கியிருந்தது. பாலத்தைத் தாண்டினால் பீர்பூம் மாவட்டம். மண்ணின் நிறம் மாறுகிறது. அதுவரை வந்த கரும்பச்சை வயல்கள் விலகி, செம்மண் மேடும் பனைமரமும் தலைகாட்டுகின்றன. பெட்டியில் ஏறியிருந்த பாவுல் பாடகர் ஒற்றைத் தந்தி ஏக்தாராவை மீட்டிப் பாடத் தொடங்கியபோது போல்பூர் வந்துவிட்டது.

கலாபவன வளாகம்

போல்பூரிலிருந்து சாந்திநிகேதனுக்கு டோட்டோவில் போகலாம். மின்கலத்தில் ஓடும் மூன்று சக்கர வண்டிக்கு இங்கே அந்தப் பெயர். கடைத்தெரு முடிந்ததும் மரங்கள் கூடிக்கொள்கின்றன. 1863இல் தேவேந்திரநாத் தாகூர் ஆசிரமத்துக்கென்று எடுத்துக்கொண்டபோது இது ஏறக்குறைய பொட்டல் வெளி. 1901இல் அவருடைய மகன் ரவீந்திரநாத் ஐந்து மாணவர்களோடு பள்ளி தொடங்கினார். 1919இல் கலாபவனம், 1921இல் விஸ்வபாரதிப் பல்கலைக்கழகம். 2023இல் யுனெஸ்கோ இந்த இடத்தை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

என்னை அழைத்துப்போகக் காத்திருந்த தம்பி கும்பகோணம் கவின்கலைக் கல்லூரியில் படித்துவிட்டு இங்கே அச்சுக்கலை முதுகலை படிக்க வந்தவர். சைக்கிளைத் தள்ளிக்கொண்டே, "அக்கா, முதல்ல சிலையப் பாத்துடலாம். வெளிச்சம் இருக்கறப்போ பாக்கணும்" என்றார்.

அவர் சொன்னது ராம்கிங்கர் பைஜின் 'சந்தால் குடும்பம்'. புகைப்படத்தில் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆனால் அது எவ்வளவு சொரசொரப்பான சிலை என்பது நேரில்தான் தெரிந்தது. ஒரு சந்தால் பழங்குடி ஆண் தோளில் காவடி சுமந்து நடக்கிறான். காவடியின் ஒரு கூடையில் குழந்தை, மறு பக்கம் வீட்டுச் சாமான். பக்கத்தில் மனைவி, இடுப்பில் இன்னொரு குழந்தை. கூடவே ஒரு நாய். இருக்கும் சொத்தையெல்லாம் எடுத்துக்கொண்டு வேறு ஊருக்குப் பிழைக்கப் போகிறார்கள். செய்த ஆண்டு 1938. வெண்கலம் வார்க்கப் பணம் ஏது? கம்பிச் சட்டத்தின்மேல் சிமெண்டையும் இந்த மண்ணின் செம்பாறைச் சரளையையும் கலந்து, கையால் அள்ளி எறிந்து, இறுகும்போது செதுக்கிச் செய்தார். நடக்கிறவர்களின் காலடி மண்ணும் அவர்களுடைய உடம்பும் ஒரே பொருள். வறுமையில் கைக்கொண்ட இந்த முறைதான் இந்தியச் சிற்பத்தில் நவீனத்தின் வாசலைத் திறந்தது. சற்றுத் தள்ளி 1956இல் அவர் செய்த 'ஆலைச் சங்கு' இருக்கிறது. இரண்டு பெண்கள் ஈரச் சேலை காற்றில் பறக்க ஆலைக்கு ஓடுகிறார்கள், பின்னால் ஒரு சிறுவன்.

ராம்கிங்கர் பாங்குராவில் நாவிதர் குடும்பத்தில் 1906இல் பிறந்தவர். 'மாடர்ன் ரிவ்யூ' ஆசிரியர் ராமானந்த சட்டர்ஜி கண்டெடுத்து, 1925இல் இங்கே அனுப்பிவைத்தார். அந்த நாளில் அப்படிப்பட்ட வீட்டுப் பையன் ஒருவனுக்கு எந்தக் கலைப் பள்ளியின் கதவு இவ்வளவு சுலபமாகத் திறந்திருக்கும்?

சென்னைவாசிகளுக்கு இந்தச் சிலையோடு ஒரு பங்காளி உறவு உண்டு. மெரினாவில் பாறையை நெம்பும் நான்கு மனிதர்களை, உழைப்பாளர் சிலையை, செய்த தேவிபிரசாத் ராய் சௌத்ரி, ஓவியர் அவனீந்திரநாத் தாகூரின் மாணவர். கலாபவனத்தைக் கட்டியெழுப்பிய நந்தலால் போஸும் அவனீந்திரநாத்தின் மாணவர்தான். ஒருவர் சாந்திநிகேதனுக்கு வந்தார், மற்றவர் எழும்பூர் கலைப் பள்ளிக்கு முதல்வராகப் போனார். 1938இல் இங்கே ஒரு குடும்பம் நடக்கத் தொடங்கியது. 1959இல் அங்கே நான்கு பேர் பாறையை அசைத்தார்கள். மெரினா சிலையைத் தினமும் ஆயிரக்கணக்கானவர்கள் கடந்து போகிறோம். அதைச் செய்தவரைப் பற்றி, செய்த விதத்தைப் பற்றி ஒரு மாலையாவது உட்கார்ந்து கேட்டவர் நம்மில் எத்தனை பேர்? இந்தக் கேள்வி பயணம் முழுக்க என்னோடு வந்தது.

தம்பி அடுத்து நிறுத்திய இடம் வடிவமைப்புத் துறைக் கட்டடம். வெளிச்சுவர் முழுக்கக் கறுப்பிலும் வெள்ளையிலும் மனிதர்கள், விலங்குகள், பறவைகள், பூதங்கள் நெளிகின்றன. கே.ஜி. சுப்ரமணியன் வரைந்தது. கேரளத்தில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தில் 1924இல் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படித்தவர். வெள்ளையனே வெளியேறு இயக்கத்தில் சிறை சென்றதால் அரசுக் கல்லூரிகளின் கதவு சாத்தப்பட்டது. 1944இல் நந்தலால் போஸிடம் வந்து சேர்ந்தார். பரோடாவில் நெடுங்காலம் கற்பித்துவிட்டு 1980இல் இங்கே பேராசிரியராகத் திரும்பினார். முதுமையில் மறுபடியும் சாரத்தில் ஏறி இந்தச் சுவரைப் புதுப்பித்தார். "நம்ம ஆளு அக்கா" என்று தம்பி சொன்னபோது குரலில் பெருமை இருந்தது. அந்த வயதில் வீட்டைவிட்டு இவ்வளவு தொலைவு வந்து படிக்கிற பிள்ளைக்கு அந்தச் சுவர் எவ்வளவு தெம்பு!

நந்தன், முதல் மாலை

நந்தன் கலாபவனத்தின் காட்சிக்கூடமும் அருங்காட்சியகமும் ஆகும். மாலையானதும் காவலாளியும் ஒரு மாணவியும் ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டினார்கள். தரையில் ஜமுக்காளம் விரித்தார்கள். குளிர் தரையிலிருந்து ஏறியது. எல்லோரும் போர்வையோடு வந்திருந்தார்கள். மாணவர்கள், சில ஆசிரியர்கள், ஊரில் குடியிருக்கும் வயதானவர்கள், வாசலில் தேநீர் விற்பவரின் மகன். சிறிய கூட்டம்தான்.

சத்யஜித் ராய் 1972இல் எடுத்த 'தி இன்னர் ஐ' ஓடியது. இருபது நிமிடப் படம். ராய் 1940 முதல் 1942 வரை இதே கலாபவனத்தில் மாணவர். பினோத் பிகாரி அவருடைய ஆசிரியர். பிறவியிலேயே பார்வைக் குறை உள்ளவர் பினோத் பிகாரி. ஒரு கண் தெரியாது, மற்றொன்றில் கடுமையான கிட்டப்பார்வை. 1950களில் கண் அறுவைக்குப் பிறகு எஞ்சியிருந்த பார்வையும் போய்விட்டது. அதற்குப் பின்னும் வரைந்தார். காகிதத்தை வெட்டி ஒட்டினார், மெழுகில் உருவம் பிடித்தார், தன் வாழ்க்கையைச் சொல்லி எழுதவைத்தார், பீங்கான் ஓடுகளால் ஒரு பெரிய சுவரோவியமே செய்தார். அந்த ஓடுகளை அவர் விரலால் தடவித் தடவி இடம் பார்ப்பதைப் படம் காட்டுகிறது. கறுப்புக் கண்ணாடி போட்ட முகம், தேநீரைக் கொட்டாமல் அளந்து ஊற்றும் கை, தாளில் தயக்கமில்லாமல் போகும் கோடு. ராயே தன் குரலில் கதை சொல்கிறார். ஒரு சொல்லும் குழைவதில்லை. இரக்கம் கேட்கும் இசை இல்லை. கடைசியில் நிகில் பானர்ஜியின் சிதார் ஒலிக்கும்போது, பார்வையற்ற நிலையும் தனக்கு ஒரு புதிய அனுபவமே என்று ஓவியர் கருதியது திரையில் எழுத்தாக வருகிறது.

இந்தப் படத்தை வீட்டில் கணினியில் பார்த்திருக்கிறேன். இங்கே பார்த்தது வேறு படம். திரையில் வரும் ஓட்டுச் சுவர் கலாபவன வளாகத்திலேயே இருக்கிறது. படத்தில் வரும் இன்னொரு சுவரோவியம், பார்வை போவதற்கு முன் அவர் இந்தி பவனத்தில் வரைந்தது, நடக்கும் தொலைவில். விளக்கைப் போட்டதும் கூட்டத்தில் ஒருவரும் எழவில்லை. ஓவியத் துறை ஆசிரியர் ஒருவர் ஜமுக்காளத்தின் ஓரத்தில் உட்கார்ந்தபடியே பேசத் தொடங்கினார். மேடை இல்லை, மாலை மரியாதை இல்லை.

அவர் பேசியது சுண்ணாம்பைப் பற்றி. ஈரச் சுண்ணாம்புப் பூச்சின்மேல் தண்ணீரில் குழைத்த நிறத்தை வைத்தால், பூச்சு காயும்போது நிறம் சுவரின் உடம்பாகவே ஆகிவிடும். ஆகவே அன்றைக்கு எவ்வளவு வரைய முடியுமோ அவ்வளவுக்கு மட்டுமே காலையில் பூசுவார்கள். காய்வதற்குள் முடித்தாக வேண்டும். தவறினால் பூச்சைச் சுரண்டிவிட்டு மறுபடி பூச வேண்டியதுதான். அந்த அவசரத்தில்தான் பினோத் பிகாரி, இந்தி பவனத்தில் முழுச் சுவருக்குமான பெரிய மாதிரிப் படம் ஒன்றைப் போட்டு வைத்துக்கொள்ளாமல், சிறு வரைவுகளை மனத்தில் வைத்து நேரே சுவரில் இறங்கினார். எட்ட நின்று முழுச் சுவரையும் பார்க்கும் கண் அவருக்கு இல்லை. முகத்தைச் சுவருக்கருகில் வைத்துச் சாண் சாணாக வரைந்துகொண்டே போனார். அவருக்கு உதவிய மாணவர்களில் கே.ஜி. சுப்ரமணியனும் ஒருவர்.

ஒரு முதலாண்டு மாணவி எழுந்து, "முழுசாப் பார்க்க முடியாதவர் எப்படி முழுசா வரைந்தார்?" என்று கேட்டாள். ஆசிரியர் பதில் சொல்லவில்லை. "நாளைக்குக் காலையில் போய்ச் சுவரிடம் கேள்" என்றார். இதைவிட நல்ல கலை வகுப்பை நான் கண்டதில்லை. எந்த நகரத்துத் திரைப்பட விழாவிலும் இந்தப் பதிலைச் சொல்லிவிட முடியாது.

இந்தி பவனம், மறுநாள் காலை

மாணவி போனாளோ இல்லையோ, நான் போனேன். இந்தி பவனம் வகுப்பு நடக்கும் கட்டடம். நடுக்கூடத்தின் மூன்று சுவர்களிலும், நம் தலைக்கு மேலே மேற்பாதி முழுக்க, இடைக்காலப் பக்தர்களின் வாழ்க்கை விரிகிறது. 1947இல் முடிந்த ஓவியம். கபீர், சூர்தாஸ், துளசிதாஸ் இருக்கிறார்கள். ஆனால் அவர்களைச் சுற்றி ஒளிவட்டம் கிடையாது. தறி நெய்கிறவர்கள், சுமை தூக்குகிறவர்கள், படித்துறையில் இறங்குகிறவர்கள், பிள்ளையைத் தோளில் வைத்திருக்கிறவர்கள் என்று ஒரு ஜனத்திரள் போய்க்கொண்டே இருக்கிறது. அதற்குள்ளிருந்துதான் பக்தர்கள் முளைக்கிறார்கள். உருவங்கள் நெடிது வளர்ந்து நிற்கின்றன. நிறமோ காவி, மஞ்சள், பழுப்பு, கொஞ்சம் பச்சை. இந்த மண்ணில் கிடைக்கும் நிறங்கள்.

ஓரிடத்தில் நின்று இதைப் பார்க்க முடியாது. கழுத்தை நிமிர்த்திக்கொண்டு சுவரோரமாக நடக்க வேண்டும். நடந்தால், முந்தைய மாலை அந்த மாணவி கேட்டதற்கு விடை கிடைக்கிறது. இது எட்ட நின்று ஒரே பார்வையில் அள்ளும்படி செய்யப்பட்டதே அல்ல. பக்கத்தில் நின்று, அடுத்தது என்ன, அடுத்தது என்ன என்று தொடர்கிறவருக்கானது. வரைந்தவர் நகர்ந்தபடியே நாமும் நகர்கிறோம். ராயின் கேமரா ஏன் இந்தச் சுவரோரமாக மெல்ல ஊர்ந்தது என்பதும் அப்போதுதான் விளங்கியது.

நம்மிடமும் ஈரச் சுண்ணாம்பு ஓவியம் ஆயிரம் ஆண்டுக்கு முன்பே இருந்தது. தஞ்சைப் பெரிய கோயில் கருவறையைச் சுற்றியுள்ள உட்சுற்றில், நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பதை 1931இல் கண்டுபிடித்தவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் எஸ்.கே. கோவிந்தசாமி. ஒரு பல்கலைக்கழக ஆசிரியரின் கண்தான் அதைக் கண்டது. பாதுகாப்புக் கருதி அங்கே பொதுமக்களை விடுவதில்லை. அது நியாயமே. அப்படியானால் அதைப் பற்றிய படங்களையாவது தஞ்சாவூரிலும் சிதம்பரத்திலும் மாணவர்கள் கூடியிருந்து பார்க்க வேண்டாமா? தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து அந்தச் சுண்ணாம்பைப் பற்றிப் பேச வேண்டாமா?

மதியச் சாப்பாடு

தம்பி அழைத்துப்போன சிறு உணவகத்தில் சோறு, பியூலிர் டால், ஆலு போஸ்தோ, வதக்கிய கத்தரிக்காய், மீன் குழம்பு. பியூலிர் டால் என்பது உளுந்தம் பருப்பை வேகவைத்துப் பெருஞ்சீரகமும் இஞ்சியும் அரைத்துப்போட்ட பருப்பு. போஸ்தோ என்றால் கசகசா. கசகசாவை விழுதாக அரைத்து உருளைக்கிழங்கோடு சேர்த்திருந்தார்கள். காரமே இல்லாமல், வாயில் மண்மணம் போல ஒன்று தங்கியது. பீர்பூமிலும் பாங்குராவிலும் வெயில் காலத்தில் இதுதான் உடம்புக்குக் குளிர்ச்சி என்கிறார்கள்.

"உளுந்துன்னா நமக்கு இட்லி, வடைதான். இவங்க சோத்துல ஊத்திச் சாப்பிடறாங்க. முதல்ல வழவழன்னு இருந்துச்சுக்கா, இப்ப ஊருக்குப் போனா இதத்தான் தேடுறேன்" என்றார் தம்பி. கறிவேப்பிலைக்கு மட்டும் இன்னும் ஏங்குகிறாராம். கடைசியில் நொலேன் குர் சேர்த்த சந்தேஷ் வந்தது. ஈச்ச மரத்தில் குளிர்காலத்தில் இறக்கும் பதநீரைக் காய்ச்சிய புது வெல்லம் அது. நம் கருப்பட்டியைவிட இளசான வாசனை, புகை மணம் சற்று அதிகம். பனை இங்கேயும் நிறைய நிற்கிறது, ஆனால் ஜனவரியில் மரியாதையெல்லாம் ஈச்ச மரத்துக்குத்தான்.

சோனாஜுரி, கோபாய் ஆறு

மாலைக் கூட்டத்துக்கு நேரம் இருந்ததால் கோவாய்ப் பக்கம் போனோம். மழைநீர் அரித்து அரித்துச் செம்பாறை மண்ணில் உண்டாக்கிய பள்ளத்தாக்குகளைக் கோவாய் என்கிறார்கள். ஆள் உயரத்துக்கும் மேலே செம்மண் சுவர்கள். பார்த்ததும் திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரிக்காடு நினைவுக்கு வந்தது. அங்கேயும் இதே செந்நிறம், இதே பனை. ஆனால் தேரி காற்று குவித்த மணல், காலை வைத்தால் புதையும். இது நீர் அரித்த கெட்டி மண். இந்த வெளியைத்தான் பினோத் பிகாரி மாணவர் விடுதியின் உட்கூரையில் 1940இல் வரைந்தார், குளத்தையும் மரத்தையும் மாட்டையும் மனிதரையும் சுற்றிச் சுற்றி. அந்த ஆண்டுதான் ராய் மாணவராக வந்து சேர்ந்தார்.

சோனாஜுரி மரங்களுக்கு அடியில் கூடும் சந்தையில் காந்தா தையல் சேலைகள், டோக்ரா உலோக உருவங்கள், தோல் பைகள் பரப்பியிருந்தார்கள். சந்தாலிப் பெண்கள் கைகோத்து ஆடினார்கள், சுற்றி நின்றவர்கள் கைபேசியில் பிடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அங்கே அதிக நேரம் நிற்க மனமில்லை. கோபாய் ஆற்றங்கரைக்குப் போய்விட்டோம். முழங்கால் அளவுத் தண்ணீர், மறுகரையில் கடுகு பூத்த வயல்.

நந்தன், மறுபடியும்

அன்று திரையிட்டது இயக்குநர் ரித்விக் கட்டக் 1975இல் ராம்கிங்கரைப் பற்றி எடுத்த படம். 1976 பிப்ரவரியில் கட்டக் இறந்துவிட்டதால் அவர் கையால் முடிவு பெறாதது. ஒலி கரகரக்கிறது, வெட்டுகள் முரடாக இருக்கின்றன. ஆனால் இரண்டு பெரிய கலைஞர்கள், இருவரும் வாழ்வின் கடைசிப் பகுதியில், எதிரெதிரே உட்கார்ந்து பேசிக்கொள்வதை வேறு எங்கே காண்பது? கட்டக் கேட்கிறார். வைக்கோல் தொப்பி வைத்த ராம்கிங்கர் உரக்கச் சிரிக்கிறார். கூரை ஒழுகுகிறது, வைக்கோல் வாங்கக் காசில்லை, ஆகவே எண்ணெய் ஓவியத் துணிகளைக் கூரையில் கட்டி மழையைத் தடுக்கிறேன் என்று சொல்லும்போதும் அதே சிரிப்பு. அறையில் யாரும் சிரிக்கவில்லை. அந்த ஓவியங்களுக்கு இன்று என்ன மதிப்பு என்பது மாணவர்கள் எல்லோருக்கும் தெரியும்.

பிறகு அஸ்ஸாமிலிருந்து வந்திருந்த இளம் பெண் சிற்பி பேசினார். தேயிலைத் தோட்டப் பகுதியில் வளர்ந்தவர். கொழுந்துக் கூடைகள், பழைய சாக்கு, சுட்ட மண் ஆகியவற்றால் தான் செய்தவற்றைத் திரையில் காட்டினார். வங்காளமும் இந்தியும் ஆங்கிலமும் கலந்து பேசினார். நடுவில் ராம்கிங்கரின் 'சந்தால் குடும்ப'த்தின் படத்தையும் போட்டு, தன் வேலைக்கு இதுவே மூலம் என்றார்.

கேள்வி நேரத்தில் பின்னால் சுவரில் சாய்ந்து நின்றிருந்த ஒரு பெண் பேசினார். கூட்டிப் பெருக்கும் வேலைக்காக அருகிலுள்ள சந்தாலிக் குடியிருப்பிலிருந்து வருபவர், நடுவயது. "தீதீ, இவங்க இங்கேயிருந்து எங்க போனாங்கன்னு யாரும் சொல்றதில்ல. என் பாட்டியோட அண்ணன் குடும்பம் இப்படித்தான் தேயிலைக்குப் போச்சு. அப்புறம் கடுதாசியே வரல. நீங்க அந்தப் பக்கம்தானே, அங்க அவங்க நல்லா இருக்காங்களா?" என்று கேட்டார்.

சிற்பி மைக்கை வைத்துவிட்டு எழுந்து பின்னால் நடந்து போனார். இருவரும் மெதுவாகப் பேசிக்கொண்டார்கள். எந்தத் தோட்டம், எந்த மாவட்டம் என்று அவர் கேட்பது காதில் விழுந்தது. மற்றவர்கள் காத்திருந்தோம். எவ்வளவு நேரம் என்று யாரும் கடிகாரம் பார்க்கவில்லை. திரும்பி வந்த சிற்பி, தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளில் இன்றைக்கும் சந்தாலி பேசும் குடும்பங்கள் இருப்பதையும், கூலியின் நிலையையும், பள்ளிகளின் நிலையையும் நெடுநேரம் பேசினார். தன் படங்களுக்கு அவர் திரும்பவே இல்லை.

எனக்கு மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டு வழியே நடந்த நம் மக்கள் நினைவுக்கு வந்தார்கள். திருச்சி, சேலம், புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கும் பிறகு தேயிலைக்கும் போனவர்கள். அவர்களும் காவடியில் பிள்ளையையும் சட்டியையும் வைத்துத்தானே தூக்கியிருப்பார்கள்? வழியிலேயே செத்தவர்கள் எத்தனையோ பேர். எண்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்தச் சிமெண்டுக் குடும்பம் இங்கே நடந்துகொண்டிருக்கிறது. அவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்க அந்தப் பெண்ணுக்கு ஓர் இடம் கிடைத்தது இந்த மாலையில்தான். பல்கலைக்கழகத்துக்குள் ஒரு காட்சிக்கூடம் எதற்கு என்று இனி யாராவது என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். ஓவியத்தைப் பூட்டிப் பாதுகாக்க அருங்காட்சியகம் போதும். பார்த்தவர் எழுந்து கேட்கவும், கேட்டதற்குப் பொறுப்போடு பதில் சொல்லவும் இப்படி ஒரு கூடமும், விரித்த ஜமுக்காளமும், சாயங்காலமும் வேண்டியிருக்கின்றன.

போல்பூரில் விடைபெற்றது

ரயிலடிக்கு வந்த தம்பியிடம், படிப்பு முடிந்ததும் என்ன செய்வதாக எண்ணம் என்று கேட்டேன். "கும்பகோணத்துக்கே போயிடுவேன்கா. நம்ம காலேஜ்ல இந்த மாதிரி வாரத்துக்கு ஒரு படம் போடணும். ஒரு புரொஜக்டரும் வெள்ளை வேட்டியும் இருந்தா போதாதா?" என்றார். போதும். எழும்பூர் கவின்கலைக் கல்லூரி 1850இல் தொடங்கியது, கலாபவனத்தைவிட 69 ஆண்டுகள் மூத்தது. ராய் சௌத்ரி, கே.சி.எஸ். பணிக்கர், தனபால் என்று அதன் முதல்வர்களின் வரிசை எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் குறைந்ததல்ல. அங்கே உழைப்பாளர் சிலையைப் பற்றி ஒரு மாலை பேச்சு வைத்துவிட்டு, எல்லோருமாகக் கடற்கரைக்குப் போய் அந்தச் சிலையின் அடியில் நின்று பேச்சைத் தொடரலாம். மாமல்லபுரம் சிற்பக் கல்லூரியில் படம் போட்டால், விளக்கைப் போட்டதும் பல்லவர் பாறைகள் நடக்கும் தொலைவில்தான் இருக்கின்றன. நம் கலைக் கல்லூரிகளின் பொறுப்பில் இருப்பவர்கள் வாரத்தில் ஒரு சாயங்காலம் வாசலை ஊர்மக்களுக்குத் திறந்துவிட வேண்டும், அதையும் தமிழில் நடத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வாசல் திறந்தால் போய் உட்காரும் பொறுப்பு நம்முடையது.

சாந்திநிகேதன் போகிறவர்களுக்கு ஒரு சொல். விஸ்வபாரதிக்கு வார விடுமுறை புதன்கிழமை, அன்று கலாபவனம் மூடியிருக்கும். மற்ற நாட்களில் போங்கள். சந்தையையும் ஆற்றையும் பகலில் முடித்துக்கொண்டு, மாலையில் நந்தனில் படமோ பேச்சோ உண்டா என்று வாசலில் இருப்பவரிடம் கேளுங்கள். உண்டு என்றால் திரும்பும் ரயிலை மறுநாளைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.